பதினாலாவது நிபந்தனை

டெண்டர் உறைகளைத் திறக்கும் நாளில் சந்தோஷமாக இருக்கிற அதிகாரியை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு அது கொட்டாவி விடுகிற நாள். ஒரு நீள மேஜை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பதிவேடு, உறையை வெட்டி உள்ளே இருப்பதை உரக்கப் படிக்க ஒரு எழுத்தர், அவ்வளவுதான். ஆனால் அன்று பச்சை மேடம் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து நாற்காலிகளைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டிருந்தாள்.

பச்சை மேடம் என்பது அலுவலகம் வைத்த பெயர். அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டிலிலிருந்து பஞ்சுவரை எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கிற பிரிவுக்கு அவள் தலைமை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளை ஒரு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சிக்குப் போகிறவர்கள் வழக்கமாக ஒரு பையும் ஒரு பேனாவும் கொண்டுவருவார்கள். இவள் ஒரு வெறியைக் கொண்டுவந்தாள். அரசாங்கத்தைவிடப் பெரிய வாடிக்கையாளர் யார் இருக்கிறார்கள், அரசாங்கம் எதைக் கேட்கிறதோ அதைத்தானே கம்பெனிக்காரன் செய்வான், பூமியைச் சூடாக்குகிற சாமான்களை நாமே வாங்கிப் போட்டுவிட்டு வெயில் கூடிப்போச்சு என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன நியாயம் என்று பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்துக் கேட்டாள். அவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இவள் விடவில்லை. விலையை மட்டும் பார்க்கக் கூடாது, ஒரு பொருள் தன் ஆயுள் முழுக்க எவ்வளவு மின்சாரம் தின்னும், எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கும் மதிப்பெண் போட வேண்டும் என்று இரண்டு வருஷம் ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கினாள். பச்சை முறை என்று பெயர் வாங்கிய அந்தப் புது ஏற்பாட்டில் வந்த முதல் டெண்டர் இது.

வாங்கப்போவது பெரிய ஆஸ்பத்திரியின் பிறந்த குழந்தைகள் வார்டுக்குப் பன்னிரண்டு ஏசி இயந்திரங்கள். அந்த வார்டில்தான் அவள் மகள் நர்ஸ். வார்டு மேல்மாடியில், மொட்டைத் தளத்துக்கு நேர் கீழே. போன கோடையில் ஜன்னலெல்லாம் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டும் தாங்கவில்லை. தினமும் மதியம் மகள் அம்மாவின் போனுக்கு ஒரே ஒரு எண்ணை அனுப்புவாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. வார்டுச் சுவரில் தொங்குகிற வெப்பமானி காட்டுவது அது. ஒருநாள் நாற்பத்தொன்று என்று அனுப்பினாள். அன்றைக்கு எட்டு மாதத்தில் பிறந்த குழந்தை ஒன்று போய்விட்டது. வெயிலால்தான் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்துகொண்டு மகள் சொன்னாள்: "வெயில்தாம்மா. வேற ஒண்ணுமே இல்லம்மா." வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது. அடுத்த கோடைக்குள் ஏசி வரும் என்று அம்மா அன்றைக்கு வாக்குக் கொடுத்தாள்.

ஏசி வந்தால் போதாது, நல்ல ஏசி வர வேண்டும் என்பதுதான் பச்சை மேடத்தின் கணக்கு. இயந்திரத்துக்குள் ஓடுகிற வாயுவில் இருக்கிறது விஷயம். வழக்கமான வகையில் உள்ள வாயு கசிந்தால், அதே எடை கரியமில வாயுவைவிட இரண்டாயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும். வார்டைக் குளிர வைத்து ஊரைக் கொதிக்க வைக்கிற வேலை. அந்தக் கேடு இல்லாத வேறு வாயுவில் ஓடுகிற, மின்சாரமும் கால்பங்கு குறைவாகச் சாப்பிடுகிற இயந்திரத்தை ஒரு சின்னக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. நடத்துவது ஒரு பெண் இன்ஜினியர். பால் பண்ணைகளுக்கும் இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் செய்து கொடுத்திருந்தாள். டெண்டர் வெளிவந்ததும் முதல் ஆளாக வந்து படிவம் வாங்கிப்போனது அவள்தான்.

வந்தவை நாலு உறைகள். எழுத்தர் முதல் உறையை வெட்டினார். சின்னக் கம்பெனியின் உறை. பதிவுச் சான்று இருக்கிறது, வரிச் சான்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"பதினாலாவது நிபந்தனை. இதே வகைக் கருவிகளை அரசு நிறுவனத்துக்குத் தொடர்ந்து மூணு வருஷம் குடுத்ததுக்கான சான்று. இல்லை."

"இல்லைன்னா?" என்றாள் பச்சை மேடம்.

"தகுதி இல்லை மேடம். உள்ளுறையைப் பிரிக்கக் கூடாது."

விலையும் பச்சை மதிப்பெண்ணுக்கான தாள்களும், தகுதி தேறினால் மட்டும் பிரிக்கிற அந்த உள்ளுறையில்தான் இருந்தன. அவளுக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை.

"அந்த நிபந்தனை எங்கேருந்து வந்துச்சு?"

எழுத்தர் அவளைப் பாவமாகப் பார்த்தார். "நம்ம டெண்டர்லேருந்துதான் மேடம். இருபத்திரண்டாம் பக்கம். கீழே உங்க கையெழுத்து இருக்கே."

இரண்டாவது உறைக்கும் அதே கதி, மூன்றாவதுக்கும் அதே கதி. நாலாவது உறை சித்தப்பாவுடையது. இருபது வருஷமாக இந்த அலுவலகத்துக்கு ஏசி விற்கிறவர், வருகிறபோதெல்லாம் எல்லோருடைய பிள்ளைகளின் படிப்பையும் பெயர் சொல்லி விசாரிப்பவர் என்பதால் காவல்காரர் முதல் இயக்குநர் வரை அவருக்குச் சித்தப்பா என்றுதான் பெயர். அவரிடம் மூன்று வருஷச் சான்று அல்ல, இருபது வருஷச் சான்று இருந்தது. உள்ளுறையைப் பிரித்தார்கள். பச்சை மதிப்பெண் நூற்றுக்குப் பதினேழு. ஓடுவது ஒரே ஆள் என்றால் நொண்டினாலும் முதல் பரிசு அவருக்குத்தான்.

டெண்டர் படிவம் என்பது எந்த அலுவலகத்திலும் புதிதாக எழுதப்படுவதில்லை. போன வருஷத்தின் படிவத்தை எடுத்து, பொருளின் பெயரை மாற்றி, தேதியை மாற்றி, கையெழுத்துப் போடுவார்கள். போன வருஷத்தது அதற்கு முந்தின வருஷத்திலிருந்து வந்தது. அந்த வம்சத்தின் முதல் படிவத்தை எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியாது. பச்சை மேடமும் அப்படித்தான் செய்தாள். பழைய முப்பது நிபந்தனைகளுக்கு மேலே தன்னுடைய ஆறு பச்சை நிபந்தனைகளைச் சேர்த்தாள். அந்த ஆறையும் எழுபது தடவை திருத்தினாள். காற்புள்ளிக்குக்கூட வக்கீலிடம் சண்டை போட்டாள். பழைய முப்பதைத் தினமும் இறங்குகிற படிக்கட்டைப் போல நினைத்துக் கடந்துவிட்டாள். புதுப் பொருளை வாங்கத்தான் இத்தனை பாடு. அதை ஏற்கனவே மூன்று வருஷம் வாங்கியிருந்தால்தான் வாங்குவோம் என்று அதே தாளில் எழுதியிருந்தாள்.

அது மட்டுமாக இருந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். கோப்பைப் புரட்டியபோது இன்னொன்றும் கிடைத்தது. டெண்டர் விட்ட பிறகு சந்தேகம் கேட்க ஒரு வாரம் கொடுப்பது வழக்கம். அந்த வாரம் நாற்பது கேள்விகள் வந்தன. பச்சை நிபந்தனைகளை உடைக்கப் பெரிய கம்பெனிகள் அனுப்பிய குதர்க்கங்கள்தான் அவற்றில் பாதி. அவற்றோடு மல்லுக்கு நிற்க நேரம் வேண்டும் என்று எழுத்தரிடம் அவள் சொல்லியிருந்தாள்: "பச்சையைப் பத்தின கேள்வியை மட்டும் என்கிட்ட குடுங்க. மத்ததுக்கெல்லாம் வழக்கமான பதிலைப் போட்டுடுங்க." வழக்கமான பதில் ஒரு ரப்பர் முத்திரை. 'நிபந்தனைகளின்படியே.' இருபத்தேழாவது கேள்வி சின்னக் கம்பெனியுடையது: 'பதினாலாவது நிபந்தனை எங்கள் போன்ற புதிய இயந்திரங்களுக்கும் பொருந்துமா? தயவுசெய்து நீக்க முடியுமா?' பக்கத்தில் முத்திரை. அதன்மேல் அவள் கையெழுத்து, வளைவு நெளிவோடு அழகாக.

தான் கட்டிய கதவுகளுக்கு மட்டும் காவல் நின்றிருக்கிறாள். கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது. திறந்து வைத்தவளும் அவளே.

அன்று மாலையே அந்தப் பெண் இன்ஜினியர் வந்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தால், அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் கேட்டேனே மேடம்?"

"கேட்டீங்க."

"நீங்க நல்லா யோசிச்சுத்தான் வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். வேற காரணம் இருக்கும்னு. அதனாலதான் மறுபடியும் கேக்கல."

பச்சை மேடம் கோப்பை மூடி ஓரமாகத் தள்ளினாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் இயக்குநரின் அறைக்குப் போய் டெண்டரை ரத்து செய்ய வேண்டும் என்றாள். இயக்குநர் கெட்டவர் இல்லை. பச்சை நிபந்தனையைக் கட்டாயமாக வைக்காதீர்கள், மதிப்பெண்ணாக வையுங்கள், பயந்து யாரும் வராமல் போய்விடுவார்கள் என்று நல்ல எண்ணத்தில் யோசனை சொன்னவரும் அவர்தான். அந்த நல்ல எண்ணத்தால்தான் பதினேழு மதிப்பெண் ஜெயித்தது.

"ரத்து பண்ணலாம். தாராளமா பண்ணலாம்," என்றார். "புது டெண்டருக்கு அஞ்சு மாசம். கோடைக்கு எத்தனை வாரம் இருக்கு?"

"ஏழு."

"சரி, அதை விடுங்க. சித்தப்பா சும்மா இருப்பாரா?"

சித்தப்பா சும்மா இருக்க மாட்டார் என்பதை அவரே வந்து பணிவாகச் சொன்னார். "மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க, இப்பவே எழுந்து போயிடறேன். நீங்க கேட்ட காகிதத்தைக் குடுத்தேன். என்கிட்ட இருந்துச்சு, குடுத்தேன். அவங்ககிட்ட இல்லை. இதுல என் பிழை எது? நீங்க ரத்து பண்ணா நான் கோர்ட்டுக்குப் போறதைத் தவிர வேற வழி இல்லை. போகப் பிடிக்கல. கோர்ட்டு தடை போட்டா ரெண்டு வருஷம் யாருமே எதுவும் மாட்ட முடியாது." போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "பாப்பா அந்த வார்டுலதானே நர்ஸா இருக்கு? பாவம், வெயில்ல என்ன பாடுபடுதோ."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று தள்ள முடியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாலு நாள் கோப்பை மேஜையிலேயே வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் மதியம் மகளிடமிருந்து எண் வந்தது. முப்பத்தாறு. கோடை இன்னும் பிறக்கவேயில்லை. கூடவே ஒரு வரி: 'அம்மா, எப்பம்மா வரும்?' அவள் கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். இதற்காகவா இரண்டு வருஷம் நின்றேன் என்று மனம் கேட்டது. கேட்கட்டும் என்று கோப்பை மூடினாள்.

பன்னிரண்டு இயந்திரங்களும் கோடைக்கு முன்பே சுவரேறிவிட்டன. சித்தப்பா வேலையில் குறை வைக்கிற மனிதரில்லை. மகளிடமிருந்து இருபத்தாறு என்று வந்தது. அதன் கீழே: 'எங்கம்மா வாங்கிக் குடுத்ததுன்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டேன்மா.' பச்சை மேடம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழந்தைகளுக்காகச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வாயில் போட்டால் கசந்தது, அதற்கு அவள் என்ன செய்வாள்.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கோப்பின் அட்டையை மட்டும் படித்துப் பார்த்திருக்கிறார். பச்சை முறையில் முதல் கொள்முதல், குறித்த காலத்தில் வெற்றிகரமாக முடிந்தது என்று இருந்திருக்கிறது. தலைமேல் தூக்கி வைத்து ஆடினார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. பின்னாலேயே சுற்றறிக்கை வந்தது: இனி மாநிலத்தின் மற்ற முப்பத்தொரு கொள்முதல் அலுவலகங்களும் இந்தப் படிவத்தையே மாதிரியாகக் கொள்ள வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

முப்பத்தொரு அலுவலகம். ஒவ்வொன்றும் ஆம்புலன்ஸ் வாங்கும், பம்பு வாங்கும், கொதிகலன் வாங்கும். ஒவ்வொன்றிலும் ஆறு பச்சை நிபந்தனைகள் ஜம்மென்று முன்வாசலில் நிற்கும். பதினாலாவது நிபந்தனை கொல்லைப்புறத்தில் நின்று, புதிதாக வருகிறவனையெல்லாம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். பழைய ஆட்களே மறுபடி ஜெயிப்பார்கள், இந்த முறை பச்சைச் சான்றிதழோடு.

முப்பது அலுவலகங்கள் படிவத்தை வாங்கி அலமாரியில் வைத்தன. ஒன்றிலிருந்து மட்டும் போன் வந்தது. வெகுதூரத்து அலுவலகம். பேசியவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிற மனிதர்.

"எனக்கு இப்ப பெரிய வேலை ஒண்ணும் யாரும் குடுக்கறதில்லை மேடம்," என்றார். "அதனால வரி வரியா படிக்கிறேன். மின்சார ஆம்புலன்ஸ் வாங்கப் போறோம். இந்தப் பதினாலு இடிக்குதே? மூணு வருஷம் அரசாங்கத்துக்கு யாரு மேடம் குடுத்திருப்பாங்க? நாமதான் இன்னும் ஒண்ணுகூட வாங்கலையே."

அவளுக்கு அந்த மனிதரை நேரில் போய்க் கும்பிட வேண்டும்போல் இருந்தது. "எடுத்துடுங்க சார். அது இருக்கக் கூடாது," என்றாள்.

"வாயால சொன்னா எப்படி மேடம்? நான் எழுத்துல கேள்வி அனுப்பறேன், நீங்க எழுத்துல பதில் குடுத்துடுங்க."

கேள்வி மறுநாளே வந்தது. விதிப்படி பதிலுக்கு ஏழு நாள். பதில் போகாவிட்டால் படிவம் உள்ளது உள்ளபடியே நிற்கும்.

இயக்குநர் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். "நிபந்தனைகளின்படியேன்னு முத்திரையைக் குத்தி அனுப்பிடுங்க."

"சார், அது தப்பு சார்."

"தப்புதான். யாரு இல்லைன்னா? ஆனா நீங்க எழுதற பதில் முப்பத்தொரு ஆபீசுக்கும் போகும், தணிக்கைக்கும் ஒரு நகல் போகும். நிபந்தனை தப்புன்னா அதை வச்சு மூணு பேரை எப்படித் தள்ளினீங்கன்னு கேப்பான். விசாரணை வரும். உங்க சம்பள உயர்வு போகும், அது உங்களுக்குப் பெரிசில்லைன்னு எனக்குத் தெரியும். விசாரணை முடியற வரைக்கும் அந்தப் பொருளைத் தொடக் கூடாது. பின்பக்கம் போய்ப் பாருங்க, தண்ணி லாரி நிக்குது."

அவள் பார்க்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு கொள்முதல் விசாரணையில் சிக்கிய லாரி அது. நாலு வருஷமாக அரக்கு முத்திரையோடு நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் முளைத்த செடி இப்போது ஜன்னல்வரை வளர்ந்துவிட்டது.

"பன்னிரண்டு ஏசிக்கும் அதே அரக்குதான் வைப்பான்," என்றார் இயக்குநர். "இந்த வெயில்ல."

ஒன்றிரண்டு நாள் அவள் நடுவழி தேடினாள். 'பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்' என்று எழுதிப் பார்த்தாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சுற்றறிக்கை பல்லை இளித்தது. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினாள். பரிசீலனை முடியும்முன் ஏழு நாள் முடிந்துவிடும். ஆம் என்று எழுத வேண்டும், அல்லது இல்லை என்று எழுத வேண்டும். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் மழுப்பலாக எழுதத் தெரியாத விஷயமே இல்லை என்று நினைத்திருந்தவள், இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சமையலறையில் நின்று சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். அரக்கு என்ற சொல் வந்ததும் கை நின்றுவிட்டது.

"நெஜமாவே நிறுத்திடுவாங்களாம்மா?"

"நிறுத்தலாம். நிறுத்தாமலும் போகலாம். லாரியை நிறுத்தினாங்க."

"லாரியும் வார்டும் ஒண்ணாம்மா?"

"காகிதத்துல ஒண்ணுதான்டி."

மகள் தட்டைக் கீழே வைத்தாள். "அம்மா, நீ பேசற பூமி, வாயு, முப்பத்தொரு ஆபீசு எல்லாம் எனக்குப் புரியுது. நீ சொல்றது சரிதான். ஆனா இப்ப வார்டுல ஒன்பது குழந்தை இருக்கு. அதுல மூணு குழந்தை ரெண்டு கிலோகூட இல்லை. இந்த வாரம் எழுதாதேம்மா. அடுத்த வாரம் எழுது."

"அடுத்த வாரம் குழந்தைங்க இருக்காதா?"

மகள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறந்து கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். குழந்தைகள் வார்டில் எந்த வாரமும் குழந்தைகள் இருக்கும் என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஏழாம் நாள் நடுப்பகலில் பச்சை மேடம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே மகள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கவனிக்கவில்லை. வரிசையாகக் குழந்தைகள் கையை விரித்துத் தூங்கின. போன வருஷம் இதே கதவுக்குள் அழுகைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை. எழுத வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள். முடிவு செய்ததும் உடம்பு லேசாகிவிட்டது. முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் மகளுக்குப் பிடித்ததைச் சமைக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கீழே இறங்கும்போது வழி தவறிக் கட்டடத்தின் பின்பக்கம் வந்துவிட்டாள். மேலே பன்னிரண்டு ஏசிகளின் வெளிப்பெட்டிகளும் உறுமிக்கொண்டு சூடான காற்றைக் கீழே தள்ளின. அந்தச் சந்தில்தான் வார்டுக்குள் விடப்படாத சொந்தக்காரர்களும் பிரசவத்துக்குச் சேர வந்தவர்களும் காத்திருந்தார்கள். ஒருவர் தோள்பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சுவரைப் பிடித்தபடி நின்றாள். அனல் முகத்தில் அடிக்கிறதே, தள்ளி நிற்கக் கூடாதா என்று பச்சை மேடம் கேட்டாள்.

"தள்ளி நின்னா பேர் கூப்பிடறது கேக்காதுங்க," என்றாள் அவள். "பரவாயில்லைங்க. குழந்தை பொறந்து உள்ளே போயிட்டா குளுகுளுன்னு இருக்குமாமே. என் முறை வர்ற வரைக்கும்தானே."

பச்சை மேடம் அந்த அனலில் சற்று நேரம் நின்றாள். தோல் எரிந்தது. இந்த ஒரு சந்து அவள் கையெழுத்தால் வந்தது. முத்திரை விழுந்தால் இதேபோல் முப்பத்தொரு ஊரில் சந்து வரும், பதினைந்து வருஷம் இருக்கும், ஒவ்வொரு வருஷமும் வெளியே இன்னும் கொஞ்சம் சூடு கூடும், உள்ளே போக முறைக்கு நிற்கிறவர்கள் கூடுவார்கள். இதெல்லாம் அவளுக்குப் பயிற்சியிலேயே தெரிந்த விஷயம்தான். படத்தோடு போட்டுக் காட்டினார்கள். ஆனால் படத்தில் யாரும் பரவாயில்லைங்க என்று சொல்லவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது வேலை முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. உட்கார்ந்து எழுதினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் எழுதியவற்றிலேயே மிகச் சின்னக் கடிதம் அது. 'பதினாலாவது நிபந்தனையை நீக்கிவிடவும். அது தவறுதலாக இடம்பெற்றது. நீக்கக் கோரியபோது படிக்காமல் மறுத்தது நான்.' எழுத்தர் படித்துவிட்டு, கடைசி வரி மட்டும் வேண்டாமே மேடம் என்று கெஞ்சினார். அந்த வரி இல்லாவிட்டால் பழி அவர் தலையில் விழும் என்பது அவருக்கே தோன்றவில்லை, பாவம். அவள் தன் கையாலேயே அனுப்பும் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டாள். இயக்குநர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தாள். மகளுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட்.

"எழுதிட்டேன்டி."

மறுமுனையில் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அனுப்பியாச்சா?"

"அனுப்பிட்டேன்."

"அரக்கு வைக்க எப்ப வருவாங்க?"

"தெரியலை கண்ணு. நாளைக்கே வரலாம், பத்து நாளும் ஆகலாம். வராமலும் போகலாம். நான் அவங்ககிட்ட பேசறேன், குழந்தைங்க வார்டுன்னு எழுதிக் குடுக்கறேன், கால்ல விழறேன். நீ ஏதாவது திட்டணும்னா திட்டு."

மகள் திட்டவில்லை. அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"வீட்ல மேஜை ஃபேன் ரெண்டு இருக்குல்ல?" என்றாள் மகள் கடைசியில். "துடைச்சு வை. பரண்ல பழசு ஒண்ணு கிடக்கும், அதையும் இறக்கி ஓடுதான்னு பாரு. நாளைக்குக் காலைல வார்டுக்கு எடுத்துட்டு வரணும்."

"சரிடி. வேற ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை. வேலை இருக்கு, வைக்கிறேன்."

பச்சை மேடம் இரண்டு ஃபேனையும் கூடத்துக்கு இழுத்துவந்து, திருகுகளைக் கழற்றி, இறக்கை இறக்கையாகத் துடைத்தாள். போட்டுப் பார்த்தாள். இரண்டும் நன்றாகவே ஓடின. பிறகு பரணுக்கு ஏணியைச் சாத்தினாள். முதல் படியில் காலை வைத்தபோதுதான், பேசிய அத்தனை நேரமும் மகள் ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.